கிருமிநீக்கம் என்று சொன்னார்கள்

1

சில மாதங்களுக்கு முன் சிரம்பானில், போர் முடிந்தபின் திறந்திருக்கும் நிவாரண அலுவலகம் ஒன்றில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. மேசைக்கு அப்பாலிருந்த இளைஞர் தலை நிமிராமலே கேட்டார்.

"யாரைப் பத்திங்க ஐயா?"

"என் மகனைப் பற்றி. சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டவன்."

"வந்துட்டாரா, வரலையா?"

"வரவில்லை."

"அப்ப, திரும்பாதவர்." பேனாவை மையில் தோய்த்தார்.

"இறந்தவர் என்று ஒரு வகை இல்லையா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். சிரம்பானை அடுத்த தெமியாங்கில் வளர்ந்த பிள்ளை என்று பேச்சிலேயே தெரிந்தது. "அப்படி ஒண்ணு துரை போடலியே ஐயா. செத்தாருன்னு எழுதணும்னா கண்ணால பாத்த ஆள் வேணும். ஆள் இல்லாம நான் எழுதினா என் வேலை போயிடும் லா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "திரும்பாதவர்னே இருக்கட்டுமே. காதுக்கும் நல்லா இருக்கு."

காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் வரிசையை விட்டு வெளியே வந்து, எங்கள் தோட்டத்தை அடுத்த லாபு செல்லும் பேருந்தில் ஏறிக்கொண்டேன். அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் காதுக்கு நன்றாக இருந்த சொற்களை மட்டுமே உண்டு வாழ்ந்த ஒரு காலத்தை நாங்கள் கடந்து வந்திருக்கிறோம். போர்க்காலம் முழுவதும் எங்களிடமிருந்து கடிதமே வரவில்லையென்று காவிரிக் கரையிலிருந்து பலர் குறைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அக்குறைக்கு விடையாக இதை எழுதுகிறேன்.

நான் திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்பை முடித்து, தமிழ் இலக்கணத்தில் தனித்தேர்ச்சி பெற்று, இந்த நெகிரி செம்பிலான் நாட்டின் ரப்பர்த் தோட்டமொன்றில் பள்ளி ஆசிரியனாக வந்து சேர்ந்தவன். ஓரிரு ஆண்டுகளில் திரும்புவதாகத்தான் எண்ணம். மனைவியை இந்த மண்ணிலேயே எரித்தேன். ஒரே மகன் சபாபதி இங்கேயே பிறந்து, தோட்ட மருத்துவமனையில் டிரெஸ்ஸராக, அதாவது புண் கட்டி மருந்து கொடுக்கும் பணியாளனாக வேலை பார்த்தான். அவன் மனைவி தையல்நாயகி. அவர்களுக்கு ஒரு பெண், குமுதா. அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா, தையல்நாயகி இன்னும் ஒருவனின் மனைவியா இல்லையா என்பதை யாரேனும் வாய் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் தேவை அவ்வளவே. அந்தச் சொல் வந்து சேர்ந்த வழியே இக்குறிப்பு.

2

ஜப்பானியர் வந்ததும் முதலில் கடிகாரங்களைத் திருத்தினார்கள். நாடு முழுவதும் டோக்கியோ நேரம். தோட்டத்தில் காலையில் தொழிலாளரை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு, அதன் பிறகு கும்மிருட்டில் நடந்தது. "சூரியன்தான் நேரம் தப்பி வருது, நாம இல்ல" என்று பால்வெட்டும் பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பு அந்த ஓராண்டுக்குள் தீர்ந்துபோயிற்று.

அடுத்து மொழி. ஆசிரியர்கள் அனைவரும் சிரம்பானுக்குச் சென்று நிப்பான்-கோ, அதாவது ஜப்பானிய மொழி, கற்க வேண்டும் என்றும், திரும்பி வந்து பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்றும் உத்தரவு. நான் கற்றேன். மறைக்காமல் சொல்லுகிறேன்: அழகிய மொழி அது. வினை, நம்முடையதைப் போலவே, வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. உருபுகள் பெயரின் பின்னே வந்து ஒட்டுகின்றன. வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியன் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'இத்தே கிமாஸ்' என்கிறான். போய்விட்டு வருகிறேன் என்றே அதற்குப் பொருள். இதைக் கற்பித்த ஜப்பானிய ஆசிரியர் மெலிந்த, சாந்தமான மனிதர். எங்கள் மொழியிலும் அப்படியே சொல்வோம் என்று நான் எடுத்துக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. சற்று நேரம் கழித்து, போர்முனைக்குக் கிளம்பும் வீரன் மட்டும் அதைச் சொல்லலாகாது என்றார். வருவேன் என்று சொல்வது அவனுக்குக் கோழைத்தனமாம். இதைச் சொல்லிவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் நான் கற்ற சொற்களை என் மாணவர்களுக்குச் சொல்லித்தந்தேன். சொல்லித்தராத சொற்களும் சில உண்டு. அவை செய்தித்தாளிலும் ஒலிபெருக்கியிலும் வந்தன. சீனத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த போருக்கு 'ஜிஹென்' என்று பெயர், வெறும் நிகழ்ச்சி. படை பின்வாங்கினால் 'தென்ஷின்'. வேறு திசையில் முன்னேறிற்று. ஒரு தீவில் இருந்தவர் அத்தனை பேரும் மாண்டால் 'கியோகுசாய்', மாணிக்கம் சிதறிற்று. மாணிக்கம் சிதறிய தீவுகளின் பெயர்களை நான் கரும்பலகையில் எழுதி, பிறகு அழித்திருக்கிறேன்.

இலக்கணம் படித்தவனுக்கு இதில் ஒரு தனி வேதனை உண்டு. நம் இலக்கணத்தார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்தார்கள். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலத்தை மாற்றி, செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கப் பேசுவது குழூஉக்குறி. ஜப்பானியச் சொற்களை இம்மூன்றில் எதில் வைப்பது என்று நெடுநாள் யோசித்தேன். மங்கலம்போல் தோன்றின. ஆனால் மங்கல வழக்கு கேட்பவனின் துக்கத்தைத் தணிப்பதற்காகப் பிறந்தது. இவை சொல்பவனின் கையைத் துடைத்துவிடுவதற்காகப் பிறந்தவை. நான்காவதாக ஒரு வகை வேண்டும். அதற்குப் பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

குமுதாவுக்கோ இந்தக் கவலை ஏதுமில்லை. அஞ்சாங்கல் ஆடும்போது இச்சி, நி, சான் என்று எண்ணினாள். பெயர் சொல்லி அழைத்தால், ஆம் என்பதற்கு 'ஹாய்' என்று நிமிர்ந்து நின்றாள். என்னைக் கண்டால் இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள்.

"ஏண்டி, தாத்தாகிட்ட வந்து மடியில உக்காரு, அவரு என்ன உன் ஆபீசரா?" என்று தையல்நாயகி அதட்டுவாள்.

வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லாமல் நிறைந்தது என்று சொல்வது நம் பெண்களின் வழக்கம் அல்லவா? ஒருநாள் அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது: "மாமா, நம்ம வீட்ல அரிசி நெறஞ்சு போச்சு. மாசக்கணக்கா நெறஞ்சேதான் கெடக்குது. இன்னிக்கும் மரவள்ளிதான்."

அந்த வீட்டில் கடைசியாக எல்லாரும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான். சபாபதி அப்போது இருந்தான்.

3

சயாமுக்கு ஆள் எடுத்ததற்கு அவர்கள் வைத்த பெயர் 'கின்ரோ ஹோஷி'. எங்கள் தோட்டத்தில் ஜப்பானிய மேலாளரின் பேச்சைத் தமிழில் சொன்னவன் ஞானமுத்து என்னும் இளம் கிராணி, அலுவலகக் கணக்குப்பிள்ளை. நல்லவன், பயந்தவன். தொழிலாளர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் 'நிப்பான் கிராணி' என்று கேலி செய்வார்கள். அவன் பெரட்டில் நின்று அந்தச் சொல்லை 'உழைப்புத் தொண்டு' என்று பெயர்த்தான். வேறெப்படிப் பெயர்ப்பது என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருக்கக்கூடும். அகராதிப்படி அது சரியான பெயர்ப்பு.

ஆனால் தொண்டு என்ற சொல்லை எங்கள் மக்கள் அதற்குமுன் கோயிலில் மட்டுமே கேட்டிருந்தார்கள். ஆகவே அவர்கள் செய்தது இது: லாரி வந்து நின்ற காலையில், மாரியம்மன் கோயில் முன்னால் போகிறவர்களை வரிசையாக நிறுத்தி, மஞ்சள் நீர் தெளித்து, திருநீறு பூசி, மாலையிட்டார்கள். பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களை வழியனுப்புவதுபோல் வழியனுப்பினார்கள். தவில் இல்லாத குறைக்கு ஒருவர் தகர டின்னைத் தட்டினார். மேலாளர் இதைப் பார்த்துப் பெரிதும் மகிழ்ந்து தலை தாழ்த்தினார். உலகில் வேறெந்த மக்களும் தம் பிள்ளைகளை அந்த லாரியில் அப்படி ஏற்றியிருக்க மாட்டார்கள்.

சபாபதி கூலியாகப் போகவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு டிரெஸ்ஸர் வேண்டும் என்று பெயர் குறித்து அழைத்தார்கள். மறுக்க இடமில்லை. மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மாலையக் கழட்டிப் போடுங்க, கழுத்து அரிக்கும்" என்றாள் தையல்நாயகி.

"நீ போட்டதாச்சே, லாபு தாண்டற வரைக்கும் இருக்கட்டும்" என்றான்.

அவன் பக்கத்தில் கருப்பையா என்னும் பால்வெட்டுத் தொழிலாளி. வாயாடி. "தங்கச்சி, கவலப்படாத. சயாம்ல பொம்பளைங்க பாக்காத மாதிரி நான் அவரு மூஞ்சில கரியப் பூசி வச்சிர்றேன்" என்றான். லாரி முழுதும் சிரித்தது.

4

நெடுங்காலம் செய்தியில்லை. பெண்கள் அலுவலக வாசலில் போய் நிற்பதும் விரட்டப்படுவதுமாக இருந்தார்கள். ஒருநாள் பெரட்டில், வெளிச்சம் வருவதற்குமுன், மேலாளர் பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். ஞானமுத்து சொன்னான்:

"சயாம்ல நம்ம தோட்டத்து ஆளுங்க இருந்த ஆஸ்பத்திரி முகாம்ல கிருமிநீக்கம் செய்யப்பட்டுவிட்டது. முகாம் இப்போது சுத்தமாக இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்."

பிறகு ஒரு பெண் "விட்டுட்டாங்களா?" என்றாள். இன்னொருத்தி, "விட்டுட்டாங்களாமே!" என்றாள். வரிசை கலைந்தது. யாரும் அடிக்கவில்லை, மேலாளர் புன்னகையோடு நின்றார். அன்றே கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். அரிசியில்லாததால் மரவள்ளியை வேகவைத்துச் சர்க்கரை சேர்க்காமல் படைத்தார்கள். தையல்நாயகியும் போய் வந்தாள். நெற்றியில் குங்குமம் கலைந்து வழிந்திருந்தது.

நான் அலுவலகத்தின் பின்புறம் ஞானமுத்துவைப் பிடித்தேன்.

"அவர் சொன்ன சொல் என்ன?"

"ஷோதோகுங்க. கிருமி கொல்றது. உங்களுக்குத் தெரியாததா?"

"யார் செய்தார்களாம்?"

"செய்யப்பட்டதுன்னுதான் சொன்னாரு."

"விடுவிக்கப்பட்டவர்கள் எங்கே போனார்களாம்?"

அவன் நகத்தைக் கடித்தான். "ஐயா, அவரு சொன்னதத்தான் நான் சொல்ல முடியும். சொல்லாததச் சொல்ல எனக்கு எத்தனை தலை இருக்கு?"

உண்மை. அவனுக்கு ஒரு தலைதான். அந்த வாக்கியங்களில் பொருள் இருந்தது, வினை இருந்தது, வினையைச் செய்தவன் மட்டும் எங்கும் இல்லை. செய்யப்பட்டது, விடுவிக்கப்பட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து, படைத்த மரவள்ளியில் என் பங்கை உண்டேன்.

5

போர் முடிந்தது. அதையும் அவர்கள் தோல்வி என்று சொல்லவில்லை. போரின் முடிவு என்றார்கள். மேலாளர் ஒருநாள் இல்லாமற்போனார். வெள்ளைக்காரர் திரும்பி வந்தனர். கடிகாரம் மறுபடி திருத்தப்பட்டது. பிறகு மாதக்கணக்கில், சயாமிலிருந்து ஒருவர் இருவராக மனிதர்கள் வரத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் அறிந்ததுதான், நகரத்துப் பிள்ளைகள் சிலர் அறியாதிருக்கலாம். நம் பக்கத்தில் சாவுச் செய்தி கொண்டு வருபவன் வீட்டுக்குள் நுழைய மாட்டான். உட்கார மாட்டான். தண்ணீர்கூட வாங்க மாட்டான். கேதத்தைச் சொன்ன பிறகே அவனுக்கு எதுவும். கும்பகோணத்தருகே எங்கள் வீட்டில் நான் கண்டிருக்கிறேன்: கொதிக்கும் வெயிலில் ஒருவன் வந்து வாசலுக்கு அப்பால் நின்றான். என் தாயார் மோர் கொண்டுபோய் நீட்டினார். அவன் கையை நீட்டவில்லை. தாயார் மோரைக் கீழே வைத்துவிட்டு, யார் என்றுகூடக் கேட்காமல், அழத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் அவன் பெயரைச் சொன்னான்.

இத்தோட்டங்களிலும் அவ்வழக்கம் பிசகாமல் இருந்தது. லாபுவிலிருந்து போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்துக்குச் சைக்கிளில் கேதம் சொல்லப் போகிறவன் வழியில் கடையிலும் நிற்க மாட்டான்.

ஆகையால் கருப்பையா எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றபோது, தையல்நாயகி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவன் யாரென்று அறிந்துகொள்ளவே எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. எலும்பின்மேல் தோல் போர்த்தியிருந்தது. ஒரு காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான்; அதன் நாற்றம் முற்றத்தை நிறைத்தது. வாயாடியின் வாய் திறக்கவேயில்லை. அவள் நீட்டினாள். அவன் சொம்பைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அப்போது அடுப்பில் கருவாடு சுடும் வாசனை வந்தது.

அவன் சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

தையல்நாயகி உரக்கச் சிரித்துவிட்டாள். அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. "உள்ள வாண்ணே! உக்காருண்ணே! குமுதா, அந்தப் பலகையப் போடு!" மரவள்ளியையும் கருவாட்டையும் இலையில் குவித்தாள். அவன் இரு கையாலும் உண்டான். உண்ணும்போது கண்களிலிருந்து நீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"காரமாண்ணே?"

"ஆமா தங்கச்சி."

"அவரு எப்ப வர்றாரு?"

மென்று கொண்டிருந்தவன் நிறுத்தினான். "அங்க… சோலி இருக்கு. பின்னால வருவாங்க, எல்லாரும்."

"உடம்பு எப்படி இருக்கு அவருக்கு?"

"நல்லா இருந்தாருங்க" என்றான், என்னைப் பார்க்கவில்லை. மீதியை அப்படியே விட்டு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், நொண்டிக்கொண்டே போனான். மறுநாள் தேடியபோது போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

6

அதன்பின் என் மருமகள் வாழ்ந்த நாட்களை எழுத எனக்குத் தெம்பில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். சபாபதியின் வேட்டிகளைத் துவைத்து உலர்த்தி மடித்தாள். சுவரில் சுண்ணாம்பு பூசினாள். சைக்கிள் மணி கேட்டாலும் தலையைத் தொட்டுப் பூவைச் சரிசெய்தாள். "அண்ணன் சாப்பிட்டுட்டுத்தானே போச்சு மாமா" என்று நாளுக்கொரு தடவை சொல்வாள். அது அவளுக்கு எந்த அரசாங்கச் சான்றையும்விட உறுதியானது. நானும் நம்ப முயன்றேன். இறந்தகாலத்தில் அவன் சொன்ன அந்த 'இருந்தாருங்க' மட்டும் என் காதில் முள்ளாக நின்றது. ஆயினும் எழுத்தறிவில்லாத ஒருவனின் பேச்சில் காலம் பார்ப்பது தவறு என்று என்னையே கண்டித்துக்கொண்டேன்.

குமுதாவுக்குத் தந்தையின் முகம் மங்கலாகத்தான் நினைவிருந்தது. ஒருநாள் அஞ்சாங்கல்லைக் கீழே வைத்துவிட்டு இயல்பாகக் கேட்டாள்:

"தாத்தா, அப்பா தென்ஷின் பண்ணிட்டாரா?"

பின்வாங்கலுக்கு இட்ட அச்சொல் அவளுக்கு யாரிடமிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை, காற்றில் இருந்தது. தையல்நாயகி அவளை இழுத்து முதுகில் ஓங்கி அறைந்தாள். பிறகு அவளையே கட்டிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பூவை மட்டும் அன்று வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம்தான் நான் சிரம்பான் சென்று, தொடக்கத்தில் சொன்ன வரிசையில் நின்றேன். திரும்பி வரும் வழியில் ஒரு முடிவுக்கு வந்து, போர்டிக்சன் தோட்டத்துக்குச் செல்லும் ஒருவரிடம் கருப்பையாவுக்குச் சொல்லி அனுப்பினேன்: "நீ உண்டதை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. பசித்தவன் உண்பான். தெரிந்ததைச் சொல்ல வா."

7

வந்தான். பகல்தான், நல்ல வெயில். குளித்து, துண்டை இடுப்பில் கட்டியிருந்தான். கால் ஓரளவு ஆறியிருந்தது. முற்றத்தில் கால் வைக்காமல், வேலிக்கு அப்பால் ரப்பர் மரத்தடியில் நின்றான்.

தையல்நாயகி அவனைப் பார்த்தாள். உள்ளே போனாள். தண்ணீர் கொண்டு வேலி வரை சென்று நீட்டினாள்.

"வேணாம் தங்கச்சி."

"வெயில்ல நடந்து வந்திருக்கியேண்ணே. ஒரு வாய் குடி."

"வேணாம்."

"அன்னிக்குக் குடிச்சியே."

"அன்னிக்குப் பசி தங்கச்சி. நாலு நாளா ஒண்ணுமே திங்கல. சொல்லணும்னுதான் வந்தேன். வாசம் வந்துச்சு. தின்னுட்டேன். தின்ன வாயால எப்படிச் சொல்றது? நாயி மாதிரி ஓடிட்டேன்."

சொம்பை அவள் தரையில் வைத்தாள். அழவில்லை. நான் எழுந்து அருகில் போய் நின்றேன்.

"அவரு… தவறிட்டாரு" என்றான்.

"அது எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள். "எப்படின்னு சொல்லு."

"காய்ச்சல் கண்டு—"

"அண்ணே. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். நீயும் மூடாத."

அவன் சொன்னான். அவன் சொற்களை நான் மாற்றவில்லை. சில இடங்களில் அவன் அழுததால் நின்ற பேச்சை மட்டும் சேர்த்து எழுதுகிறேன்.

"காலரா வந்துச்சுங்க. ஒதுக்குப்புறமா மூங்கில் கொட்டாய் போட்டு, சீக்காளிய எல்லாம் அதுல போட்டாங்க. யாரும் உள்ள போக மாட்டாங்க. டிரெஸ்ஸரு மட்டும்தான் போவாரு. கஞ்சித்தண்ணி குடுப்பாரு, பீய அள்ளுவாரு. அவருக்கு ஒண்ணும் வரலிங்க. நல்லா இருந்தாரு. ஒருநாள் காலையில மூக்கக் கட்டிக்கிட்டு ஜப்பான்காரனுங்க வந்தானுங்க. எங்கள மூங்கில் கொண்டாரச் சொன்னானுங்க. கொட்டாயச் சுத்தி அடுக்கச் சொன்னானுங்க. அவரு உள்ளதான் இருந்தாரு."

"வெளியே வரும்படி அவனை அழைக்கவில்லையா?" என்று நான் கேட்டேன்.

"இல்லிங்க. கதவ வெளிய வச்சுக் கட்டச் சொன்னானுங்க."

"யாரை?"

"எங்களத்தான் ஐயா. முதுகுல துப்பாக்கி. நான்தான் ஒரு பக்கம் கட்டினேன்."

தையல்நாயகி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவரு பாத்தாரா?"

"சந்து வழியா பாத்தாரு தங்கச்சி. எம் பேரச் சொன்னாரு. 'கருப்பையா, எனக்கு ஒண்ணுமில்லடா, நான் நல்லாத்தான் இருக்கேன், சொல்லுடா அவங்ககிட்ட'ன்னாரு. எனக்கு அவன் பாஷை வராதே. அப்புறம் அவரே சத்தமா சொன்னாரு. திருப்பித் திருப்பிச் சொன்னாரு. வாத்தாஷி வா பியோகி தெவா அரிமாசென்னு. எனக்கு மனப்பாடமா நிக்குதுங்க. என்னங்க ஐயா அதுக்கு அர்த்தம்?"

நான் மொழிபெயர்த்தேன். "எனக்கு நோய் இல்லை என்று பொருள்."

வாக்கியத்தில் பிழை ஏதுமில்லை. உருபுகள் சரியான இடத்தில் இருந்தன. வினை இறுதியில் நின்றது.

"அப்புறம் நெருப்பு வச்சானுங்க" என்றான் கருப்பையா. "அன்னிக்குப் பூரா அந்தச் சொல்லத்தான் சொல்லிக்கிட்டே இருந்தானுங்க. ஷோதோகு, ஷோதோகுன்னு."

தூரத்தில் யாரோ பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி தரையிலிருந்த சொம்பை எடுத்தாள். இம்முறை அவனிடம் நீட்டவில்லை. அவன் கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

"குடிண்ணே. சொல்லிட்டேல்ல."

அவன் குடித்தான். அவள் கிணற்றடிக்குப் போனாள்.

8

போர்டிக்சன் கடலில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தேன். இறந்த திதி தெரியாதவர்க்கு அமாவாசையைக் கொள்வது மரபு, அப்படியே கொண்டேன். அலைக்கும் எனக்கும் நடுவே தருப்பையைத் தவிர வேறொன்றுமில்லை. கரைப்பதற்கு எலும்பும் இல்லை. குமுதா கரையில் என் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருப்பையா சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறான். அலுவலகத்தில் அதை எந்த வகையில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குள், நான் எழுதிய செய்திக்கு விடையாக, என் தம்பியின் கடிதம் கும்பகோணத்திலிருந்து வந்தது. அன்பானவன். கருமாதிப் பத்திரிகையை அங்கேயே அச்சடித்து உறவினர்க்கெல்லாம் அனுப்புவதாகவும், 'சயாம் தேசத்தில் சுரத்தால் சிவபதம் எய்தினார்' என்று போடலாமா என்றும் கேட்டிருந்தான். துர்மரணம் என்று வெளியே தெரிந்தால் நாளை குமுதாவின் கல்யாணப் பேச்சில் தடை வரும் என்பது அவன் கவலை. அவன் எண்ணத்தில் குற்றமில்லை. வேறு எந்தச் சாவாக இருந்தாலும் நம் மங்கலச் சொற்களின் நிழலில் நானும் ஒதுங்கியிருப்பேன். அவை துக்கப்படுகிறவனுக்கு நம் முன்னோர் விட்டுச்சென்ற இரக்கம். ஆனால் இச்சாவைச் செய்தவர்களே அதற்கு ஓர் அழகிய சொல்லை முன்கூட்டிப் போர்த்திவிட்டார்கள். அதன்மேல் நம்முடையதையும் நான் போர்த்தினால், என் மகன் கதவுக்கு உள்ளே இருந்து கத்தியது எவர் காதிலும் விழாது.

ஆகவே தம்பிக்கும், இதைப் படிக்கும் உங்களுக்கும், அச்சிடும் இதழாசிரியருக்கும் என் வேண்டுகோள்: கீழே வரும் வாக்கியத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். நான் அதை எழுதி முடித்துத் தையல்நாயகியிடம் படித்துக் காட்டினேன். 'நோயற்றிருந்த என் மகன் சபாபதியை' என்று தொடங்கியிருந்தேன். அவள் கேட்டுவிட்டு, "உங்க மகன் சரி. நான் யாருன்னு அதுல இல்லையே மாமா" என்றாள்.

அதைத் திருத்தினேன்:

தையல்நாயகியின் கணவனான, நோயற்றிருந்த சபாபதியை, ஜப்பானியப் படையினர், துப்பாக்கி முனையில் அவன் நண்பர்களைக் கொண்டே கதவைக் கட்டவைத்து, உயிரோடு எரித்துக் கொன்றார்கள்.